ஆய்வுக் கணக்கை எதில் செய்வது: எக்செல்லா, நோட்புக்கா, ஸ்கிரிப்டா, பைப்லைனா?

"எக்செல்லிலேயே முடித்துவிடலாமா, இல்லை பைத்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?" என்று ஆய்வு மாணவர்கள் கேட்கிறார்கள். ஓரளவு நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அடுத்த கேள்விக்கு வந்திருப்பார்கள்: "ஜூபிட்டர் நோட்புக் போதாதா? கிட், டெஸ்ட் எல்லாம் ஐடி கம்பெனிக்காரர்கள் சமாசாரம் இல்லையா?" (நோட்புக் என்பது நிரலையும் விடையையும் ஒரே பக்கத்தில் வைக்கும் கருவி; கிட், நிரலில் செய்த மாற்றங்களை நினைவில் வைக்கும் கருவி; டெஸ்ட், நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை.) இரண்டு கேள்விக்கும் ஒற்றை வரியில் பதில் கிடையாது. என்ன ஆய்வு, கையில் எவ்வளவு காலம் இருக்கிறது, அந்தக் கணக்கை அடுத்து யார் தொடப்போகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். எப்படி எடைபோடுவது என்பதை மட்டும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லலாம்.

ஒரு கணக்கை நடுவில் வைத்துக்கொண்டு பேசினால் எளிதாக இருக்கும். தாம்பரத்தின் அன்றாட மழை அளவு, பல ஆண்டுகளுக்கு, ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணை) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஆண்டுதோறும் எவ்வளவு பெய்தது என்று கூட்டிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. நம் வழக்கப்படி அந்த நாள் கோப்பில் 02/12/2015 என்று இருக்கும். அமெரிக்க முறையில் அமைந்த கணினி அதை பிப்ரவரி 12 என்று படிக்கும். சென்னையை மூழ்கடித்த மழை தை மாதக் கடைசிக்குப் போய்விடும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தேதி 12-க்குள் இருக்கும் நாள்கள் மட்டும்தான் இப்படி இடம் மாறும். 13/12/2015 என்பதில் 13-ஐ மாதமாகப் படிக்க வழியில்லை, அதனால் சில நிரல்கள் அதைச் சரியாகவே டிசம்பர் 13 என்று படித்துவிடும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றிலும் 1 முதல் 9 வரையுள்ள 27 நாள்கள் ஜனவரி முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களுக்குள் சிதறிவிடும். அந்த ஒன்பது மாதங்களின் 10, 11, 12 தேதிகள், அவையும் 27 நாள்கள்தான், பருவமழைக் கணக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே போனதும் உள்ளே வந்ததும் சமம் என்பதால் எண்ணிப் பார்த்தால் பருவத்துக்குச் சரியாக 92 நாள்கள் இருக்கும். கூட்டுத்தொகை மட்டும் தப்பு.

இந்த ஒரு பிழையை நான்கு வழிகளிலும் ஓடவிட்டுப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான அளவுகோல் இதுதான்: தவறு நடந்தால் அது எப்போது தெரியவரும்? அன்றைக்கே தெரிந்தால் பத்து நிமிட வேலை. கட்டுரை வெளிவந்த பிறகு தெரிந்தால் பல ஆண்டு உழைப்பு போகும். வேகம், அழகு, புதுமை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது, மறுபடி ஓட்டுவது. ஆய்விதழுக்கு அனுப்பி எட்டு மாதம் கழித்து, "2005-ஐ நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் என்ன வரும்?" என்று மதிப்பீட்டாளர் கேட்பார். அன்று ஒரு கட்டளையில் விடை வருமா, மூன்று நாள் ஆகுமா?

மூன்றாவது, அடுத்தவர் கையில் கொடுப்பது. நெறியாளர், ஜூனியர், கூட்டு ஆய்வாளர் யாராவது பக்கத்தில் நீங்கள் இல்லாமலே இதைத் திறந்து புரிந்துகொள்ள முடியுமா?

நான்காவது, கற்றுக்கொள்ள ஆகும் காலம். இதை எல்லோரும் யோசிக்கிறார்கள். ஐந்தாவதை யாரும் யோசிப்பதில்லை: தொடங்கும்போது கண்ணில் படாமல் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும் செலவு.

## எக்செல்

எக்செல்லைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தரவைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல கருவி இன்றும் இல்லை. களப்பணியில் இருப்பவர், நிரல் பக்கமே வராத நெறியாளர், புள்ளிவிவரம் எழுதித் தரும் அலுவலக உதவியாளர் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பொதுமொழி அது. கற்கும் காலம் கிட்டத்தட்ட சுழியம்.

நம் மழைக் கோப்பை அதில் திறந்தால் என்ன ஆகும்? கணினி இந்திய அமைப்பில் இருந்தால் தேதிகள் சரியாக வரும். அமெரிக்க அமைப்பில் இருந்தால் 12-க்கு உட்பட்டவை புரண்டுவிடும், மற்றவை தேதியாகவே மாறாமல் எழுத்தாக நிற்கும். ஒரே கோப்பு உங்கள் மேசையில் ஒரு விடையும் நெறியாளர் மேசையில் வேறு விடையும் தரும். கூர்ந்து பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கும்: தேதியாகப் புரிந்துகொண்டவற்றை எக்செல் வலப்பக்கமும் எழுத்தாக எடுத்துக்கொண்டவற்றை இடப்பக்கமும் ஒட்டிக் காட்டும். ஆனால் யாராவது அந்த நெடுவரிசையை நடுவில் நிறுத்தி அழகுபடுத்தியிருந்தால் அந்தத் தடயமும் போச்சு. நிபந்தனை வைத்துக் கூட்டும் சூத்திரம் எழுத்தாக நிற்கும் நாள்களைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடும்.

இப்படித் தானாக மாற்றும் பழக்கம் மரபியலாளர்களைப் பல ஆண்டுகள் படுத்தியது. செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடும். எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளிவந்த கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று: செப்டின்2, மார்ச்எஃப்1.

அதே 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டன. பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பு ஒரு தாளுக்கு 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. மிஞ்சியவை உள்ளே வரவில்லை. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தள்ளிப்போனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

எக்செல்லின் மறைமுகச் செலவு, செய்த வேலைக்குத் தடம் இல்லாமல் போவது. எந்த வரிசையை நீக்கினீர்கள், எதை இழுத்து நிரப்பினீர்கள், எப்போது வரிசைப்படுத்தினீர்கள் என்று கோப்பு சொல்லாது. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் இருவரும் 2010-ல் அரசுக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி எழுதிய கட்டுரை நாடுகளின் சிக்கன வாதங்களில் மேற்கோள் ஆனது. அவர்களின் எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், சராசரி எடுக்கும் சூத்திரம் 20 நாடுகளில் ஐந்தை விட்டுவிட்டதைக் கண்டுபிடித்தார். 2013-ல் ஆம்ஹெர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து அது வெளிவந்தது. கட்டுரையின் முடிவு ஆட்டம் கண்டதற்கு அந்தச் சூத்திரம் மட்டும் காரணமில்லை. சில ஆண்டுகளின் தரவை விட்டதும் நாடுகளுக்கு எடை தந்த முறையும் சேர்ந்துதான் காரணம். ஆனாலும் மூன்று ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் இருந்தது என்பதுதான் என் முதல் அளவுகோலுக்குப் பட்ட அடி.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் சேமித்த சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் ஊர்ப்பெயர்கள் பல நேரம் கிறுக்கலாக வரும். அப்படியே சேமித்துவிட்டால் மூலமும் கெட்டது. டேட்டா மெனு வழியாக, குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து உள்ளே கொண்டுவர வேண்டும்.

எக்செல் எப்போது சரியான தேர்வு? தரவு உள்ளிடும்போது, அதிலும் பலர் சேர்ந்து உள்ளிடும்போது. சில நூறு வரிசைக்குள் முடிந்துவிடும், ஒரே முறை பார்க்கப்போகும் அட்டவணைக்கு. அப்படியும் தேதியை ஆண்டு, மாதம், நாள் என மூன்று நெடுவரிசையாக வையுங்கள், இல்லையென்றால் 2015-12-02 என்று ஆண்டை முன்னால் எழுதுங்கள். செல்களை இணைக்காதீர்கள். மஞ்சள் நிறம் அடித்தால் "சந்தேகத்துக்குரிய அளவு" என்று பொருள் வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கென ஒரு நெடுவரிசை போடுங்கள், நிறத்தை எந்த நிரலும் எளிதில் படிக்காது.

## நோட்புக்

நிரல், விடை, வரைபடம், விளக்கம் எல்லாம் ஒரே பக்கத்தில். ஆராய்ந்து பார்க்கும் மனதுக்கு இதைவிட இணக்கமான இடம் இல்லை. ஒரு வரி எழுதி, ஓட்டி, பார்த்து, "அட, 2005-லும் இப்படித்தானா?" என்று அடுத்த வரிக்குப் போகலாம். ஈர்ப்பலையை முதன்முறை கண்டறிந்ததாக 2016 பிப்ரவரியில் அறிவித்த லைகோ குழு, தன் தரவை எப்படிப் படிப்பது என்று உலகத்துக்குக் காட்டியதும் ஜூபிட்டர் நோட்புக்கில்தான். கற்றுக்கொடுக்க அதுதான் ஏற்றது.

நோட்புக்கில் நிரலைச் செல் எனும் சிறு துண்டுகளாக எழுதுகிறோம். சிக்கல் அந்தச் செல்களின் வரிசையில் இருக்கிறது. பக்கத்தில் மேலிருந்து கீழாக இருக்கும் செல்களை நீங்கள் எந்த வரிசையிலும் ஓட்டலாம், ஒன்றையே இரண்டு முறை ஓட்டலாம், ஓட்டிய செல்லை அழித்தும்விடலாம். அழித்த செல் உண்டாக்கிய மாறி நினைவகத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

இதில் நானே மாட்டியிருக்கிறேன். காற்றடிக்கும்போது மழைமானி கொஞ்சம் மழையைத் தவறவிடும். அதற்கு ஈடாக 8 சதவீதம் கூட்டும் செல் ஒன்றை வைத்திருந்தேன். வரைபடத்தைத் திருத்தும் பரபரப்பில் அதை இரண்டாவது முறை ஓட்டிவிட்டேன். எல்லா அளவும் 8-க்குப் பதில் 16.64 சதவீதம் கூடிவிட்டது. பத்து மடங்கு ஆகியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இது நம்பும்படியான எண்ணாகவே இருந்தது. இரண்டு வாரம் கழித்து, வேறொரு காரணத்துக்காகக் கணினியை அணைத்துப் போட்டபோதுதான் விடை மாறியதைக் கவனித்தேன்.

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடந்த சுமார் 14 லட்சம் நோட்புக்குகளை 2019-ல் ஓர் ஆய்வுக் குழு திரட்டியது. அவற்றில் ஓட்டத் தகுந்தவற்றை எடுத்து மறுபடி ஓட்டியபோது பிழையில்லாமல் முழுதும் ஓடியவை 24 சதவீதம். அதே விடையைத் தந்தவை 4 சதவீதம்தான்.

மழைத் தேதிக்கு வருவோம். பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தின் பழைய பதிப்புகள், தேதியின் அமைப்பைச் சொல்லாமல் கொடுத்தால், ஒவ்வொரு வரியையும் தனித்தனியே ஊகிக்கும். 02/12-ஐ பிப்ரவரி 12 ஆக்கும், அடுத்து வரும் 13/12-ஐ டிசம்பர் 13 ஆக்கும், பிழை காட்டி நிற்காது. முதலில் சொன்ன 27 நாள் இடமாற்றம் அச்சாக இப்படித்தான் நடக்கும். 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பு முதல் தேதியை வைத்து ஓர் அமைப்பை முடிவு செய்துகொண்டு, பொருந்தாத வரி வந்ததும் நின்றுவிடும். அதாவது, பிழை தெரியவருமா என்பதே கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஊகிக்க விடாமல் "நாள், மாதம், ஆண்டு" என்று நிரலில் எழுதிவிட்டால் எந்தப் பதிப்பிலும் கவலை இல்லை. சாட்ஜிபிடி எழுதித் தரும் நிரலிலும் முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் கோப்பில் நாள் முன்னால் வருகிறது என்று நீங்கள் சொன்னால்தானே அதற்குத் தெரியும்?

மறைமுகச் செலவுகள் இன்னும் உண்டு. நோட்புக் கோப்புக்குள் படங்களும் விடைகளும் சேர்ந்தே இருப்பதால், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று கிட்டில் பார்த்தால் பக்கம் பக்கமாகக் குப்பை வரும். கூகுளின் கோலாப் போன்ற இலவச மேகக் கணினியில் ஓட்டினால், இணைப்பு அறுந்ததும் அங்கே எழுதிவைத்த கோப்புகள் போய்விடும். கூகுள் டிரைவில் சேமிக்க மறந்தவர்களின் இரவுகளை நினைத்துப் பாருங்கள்.

நோட்புக் எப்போது சரியான தேர்வு? தரவு கைக்கு வந்த முதல் வாரங்களில், இறுதி வரைபடங்களைத் தீட்டும்போது, பாடம் நடத்தும்போது. ஒரு பழக்கம் மட்டும் வேண்டும்: நாளின் முடிவில் கெர்னலை (நோட்புக்கின் பின்னால் நிரலை ஓட்டும் பகுதி) மறுதொடக்கம் செய்து எல்லாச் செல்லையும் மேலிருந்து ஓட்டுங்கள். ஓடாவிட்டால் அன்றைய வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

## ஸ்கிரிப்டும் கிட்டும்

சாதாரண பைத்தான் கோப்போ, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் கோப்போ, மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் ஓடும். மூலத் தரவு ஒரு கோப்புறையில், தொடக்கூடாதது என்று பூட்டி. நிரல் ஒன்றில். விடைகள் இன்னொன்றில், எப்போது வேண்டுமானாலும் அழித்துவிட்டு மறுபடி உண்டாக்கும்படி. மாற்றங்களைக் கிட் நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஆய்வு செய்பவர்கள் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். அதற்காக ஸ்கிரிப்ட் என்றாலே பத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஜெஃப்ரி சாங் என்ற புரத அமைப்பியலாளரின் குழு 2006-ல் ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அவற்றில் மூன்று சயன்ஸ் இதழில் வந்தவை. சொந்தமாக எழுதிய ஒரு தரவு நிரல் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றியதால் ஒரு குறி தலைகீழானது. அதனால் புரதத்தின் அமைப்பே தலைகீழாக வந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு குழு அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு புரதத்தின் அமைப்பை வெளியிட்டு, அது இவர்களுடையதோடு பொருந்தாமல் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு புரதத்தை அந்த நிரலில் முதல் நாளே ஓட்டிப் பார்த்திருந்தால் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

வேதியியலில் இன்னொன்று. வில்லபி, ஹாய் குழுவினர் 2014-ல் வெளியிட்ட பைத்தான் ஸ்கிரிப்டைப் பலரும் பயன்படுத்தினார்கள். 2019-ல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை வெவ்வேறு கணினிகளில் ஓட்டியபோது வெவ்வேறு விடை வந்தது. காரணம் சின்னது: கோப்புறையில் உள்ள கோப்புகள் பெயர் வரிசையில் வரும் என்று நிரல் நம்பியது. அந்த வரிசை இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். கோப்புப் பட்டியலை வரிசைப்படுத்தும் ஒரு கட்டளையைச் சேர்த்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது.

ஹார்வர்ட் டேட்டாவர்ஸ் களஞ்சியத்தில் ஆய்வாளர்கள் சேர்த்துவைத்திருந்த 9,000-க்கும் மேற்பட்ட ஆர் கோப்புகளை மறுபடி ஓட்டிப் பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள். முதல் முயற்சியில் 74 சதவீதம் பிழையோடு நின்றன. கோப்புப் பாதை போன்றவற்றைச் சீர்செய்த பிறகும் 56 சதவீதம் ஓடவில்லை.

ஆக, ஸ்கிரிப்டோடு இரண்டு விஷயம் சேர வேண்டும். ஒன்று, பதிப்பு எண்கள்: எந்த பைத்தான், எந்த பாண்டாஸ் என்று ஒரு கோப்பில் எழுதிவைப்பது. மற்றொன்று, நிரலுக்குள்ளேயே வைக்கும் சோதனைகள்.

மழைக் கணக்குக்கு நான் வைக்கும் சோதனைகளைச் சொல்கிறேன். மழை எதிர்மறையாக இருக்கக்கூடாது: சரி, ஆனால் நம் பிழையை அது பிடிக்காது. பருவத்துக்கு 92 நாள் இருக்க வேண்டும்: அதுவும் பிடிக்காது, மேலே பார்த்தோமே. அடுத்தடுத்த இரண்டு வரிகளின் தேதிகளுக்கு நடுவே சரியாக ஒரு நாள் இருக்க வேண்டும்: இது உடனே பிடிக்கும், ஏனென்றால் தேதிகள் புரளும்போது வரிசை குலைந்துவிடும். கடைசியாக, 2015 டிசம்பர் 2-ல் தாம்பரத்துக்கு 490 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்: இதுவும் பிடிக்கும். தெரிந்த விடை ஒன்றை நிரலுக்குள் நட்டுவைப்பதுதான் சோதனைகளிலேயே மலிவானது, வலுவானதும் அதுதான். எழுத ஒரு வரி. அது பொய்த்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். உங்கள் துறையில் அப்படி ஒரு தாம்பரம் எது என்று நெறியாளரிடம் கேளுங்கள். நிரல் தெரியாத நெறியாளரும் இந்தக் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

மறைமுகச் செலவு? கிட்டைக் கற்கும் முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியை எழுதுபவர்களுக்காக 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உண்டாக்கிய கருவி அது. ஆய்வாளரை மனதில் வைத்துச் செய்ததில்லை. ஆட், கமிட் (மாற்றத்தைப் பதிவு செய்வது), புஷ், டிஃப், லாக் என்ற ஐந்து கட்டளை போதும், மற்றவற்றைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். பெரிய தரவை உள்ளே போடாதீர்கள். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைக் கிட்ஹப் ஏற்காது. பேட்டி கொடுத்தவர்களின் பெயர், கைப்பேசி எண், நோய் விவரம் உள்ள கோப்பு தவறியும் பொதுவில் போய்விடக் கூடாது. பிறகு அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். நம்பித் தகவல் தந்தவர்களுக்கு நாம் செய்யும் துரோகம் அது, அதனால் முதல் கமிட்டுக்கு முன்பே கிட் தொடக்கூடாதவற்றின் விலக்குப் பட்டியலில் அந்தக் கோப்புறையைச் சேர்த்துவிடுங்கள்.

ஸ்கிரிப்ட் எப்போது சரியான தேர்வு? கட்டுரையிலோ ஆய்வேட்டிலோ அச்சாகப்போகும் எந்த எண்ணுக்கும். இரண்டாவது முறை ஓட்டவேண்டி வரும் எந்தக் கணக்குக்கும்.

## பேக்கேஜ், பைப்லைன், கன்டெய்னர்

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தேவைப்படுபவர்கள் குறைவு.

பல படிகளைக் கோத்த பைப்லைன் கணக்கில், ஒரு படியின் விடை அடுத்ததற்கு உணவாகும்போது, எது மாறியதோ அதைச் சார்ந்தவற்றை மட்டும் மறுபடி ஓட்டும் கருவிகள் உண்டு. 1976-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த மேக் இதற்கு முன்னோடி. உயிரித் தகவலியலில் 2012 முதல் புழங்கும் ஸ்னேக்மேக் அதன் வழித்தோன்றல். நூறு மாதிரிகளின் மரபணுத் தொடரை வரிசையாகப் பதப்படுத்துபவருக்கு இது வரம். ஒரு மாதிரி மட்டும் பழுதானால் அதை மட்டும் ஓட்டினால் போதும். இயங்குதளத்தோடு சேர்த்தே பொட்டலம் கட்டும் டாக்கர் போன்ற கன்டெய்னர் இருந்தால் வில்லபி, ஹாய் நிரலுக்கு நேர்ந்தது போன்ற இயங்குதள வேறுபாடு தொல்லை தராது. நிரலில் உள்ள தவறு என்னவோ அப்படியேதான் இருக்கும், எல்லோருக்கும் ஒரே மாதிரித் தவறான விடை வரும்.

பேக்கேஜ் என்பது வேறு முடிவு. நீங்கள் எழுதியதை முகம் தெரியாதவர்கள் பயன்படுத்தப்போகிறார்கள் என்று ஒப்புக்கொள்வது அது. அதன் மறைமுகச் செலவு மிகப் பெரியது. அவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும், சார்ந்த நூலகங்கள் மாறும்போது நிரலையும் மாற்ற வேண்டும், ஆவணம் எழுத வேண்டும். எழுதியவர் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு லேபில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? அதற்கு ஆள் இருந்தால் செய்யுங்கள். மூன்று ஜூனியர்கள் உங்கள் கோப்பை நகலெடுத்து ஆளுக்கொரு விதமாகத் திருத்திக்கொண்டிருந்தாலும் செய்யுங்கள், ஏனென்றால் ஒருவர் கண்டுபிடிக்கும் பிழை மற்ற இருவருக்கும் தெரியாமலே போகும். மற்றபடி, ஒற்றை ஆய்வேட்டுக்காக இதில் இறங்கி மாதங்களைத் தொலைக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எக்செல் | நோட்புக் | ஸ்கிரிப்ட், கிட் | பைப்லைன், பேக்கேஜ் |
|---|---|---|---|---|
| தேதிப் பிழை எப்போது தெரியும் | கண் கூர்மையாக இருந்தால் உடனே. இல்லையென்றால் தெரியாமலே போகலாம் | பழைய பாண்டாஸில் மறுதொடக்கம் செய்தாலும் தெரியாது. அமைப்பை எழுதினால் வராது | சோதனை வைத்திருந்தால் அந்த நொடியே | சோதனை அமைத்திருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாகச் சோதித்துச் சொல்லும் |
| எட்டு மாதம் கழித்து மறுபடி ஓட்ட | கையால் முழுவதும் | மேலிருந்து ஓடும் பழக்கம் இருந்தால் சில மணி நேரம் | பதிப்பு எண் இருந்தால் ஒரே கட்டளை | ஒரே கட்டளை, மாறியது மட்டும் |
| அடுத்தவர் கையில் | எல்லோரும் திறப்பார்கள், சூத்திரத்தை யாரும் படிக்க மாட்டார்கள் | படிக்க எளிது, ஓட்டச் சிரமம் | ஒரு பக்க விளக்கம் தேவை | ஆவணம் இருந்தால் எளிது |
| கற்கும் காலம் | இல்லை | சில வாரம் | அதற்கு மேல் இன்னும் இரண்டு வாரம் | மாதங்கள் |
| மறைமுகச் செலவு | தடம் இல்லை | ஒளிந்திருக்கும் நினைவகம் | கிட் எரிச்சல், தவறிப் பொதுவில் போகும் தரவு | பராமரிப்பு |

## எப்போது தாவுவது

பெரும்பாலோர் நான்கில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை; ஒரே ஆய்வில் மூன்றும் இருக்கும். களத்தில் எக்செல், ஆராய நோட்புக், அச்சுக்குப் போகும் எண்ணுக்கு ஸ்கிரிப்ட். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டிய நேரத்தைத் தவறவிடுவதில்தான் சேதம் வருகிறது.

எக்செல்லில் ஒரே வேலையை மூன்றாவது முறை கையால் செய்கிறீர்கள் என்றால் நேரம் வந்துவிட்டது. நோட்புக்கில் "இந்தச் செல்லை முதலில் ஓட்டு, அதைத் தொடாதே" என்று உங்களுக்கே குறிப்பு எழுதத் தொடங்கினாலும், ஒரு நோட்புக்கிலிருந்து செல்களை நகலெடுத்து அடுத்ததில் ஒட்டினாலும் ஸ்கிரிப்டுக்குப் போய்விடுங்கள். மொத்தத்தையும் மாற்ற வேண்டியதில்லை. தேதியைப் படித்துச் சுத்தம் செய்யும் பகுதியை மட்டும் முதலில் தனிக் கோப்பாக்கி, நோட்புக் அதை அழைக்கும்படி செய்யுங்கள். ஒரு பிற்பகல் வேலை. தவறுகள் அதிகம் ஒளிந்திருப்பதும் அந்தப் பகுதியில்தான்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று மாதம்தான் இருக்கிறது, எல்லாம் நோட்புக்கிலும் எக்செல்லிலும் கிடக்கிறது என்பவர்களுக்கு: இப்போது எதற்கும் தாவாதீர்கள். மூலத் தரவின் ஒரு பிரதியை எடுத்து, திருத்த முடியாதபடி பூட்டிவையுங்கள். நோட்புக்கை மறுதொடக்கம் செய்து முழுவதும் ஓட்டி, வரும் எண்களை ஆய்வேட்டின் அட்டவணையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எக்செல்லில் கூட்டியவற்றில் ஓர் ஆண்டை எடுத்துக் கையால் கூட்டிப் பாருங்கள். உங்கள் துறையின் தாம்பரத்தைத் தேடிப் பிடித்து அந்த ஒரு அளவு சரியான நாளில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பதிப்பு எண்களை எழுதி, நிரலையும், பகிரத் தடையில்லாத தரவையும் ஜெனோடோவில் ஏற்றிவிடுங்கள். செர்ன் ஆய்வகம் நடத்தும் களஞ்சியம் அது. இலவசம், நிலையான அடையாள எண்ணும் தருகிறது. அந்த எண்ணை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் குறித்துவிடுங்கள்.